பூங்கா போய்ச் சேரும் தூரம்

செப்டம்பர் 4, செவ்வாய்

இன்றும் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அக்காவிடம் போனில் பேசினாள். கூடத்தில் அப்பா செய்தித்தாளின் ஒரே பக்கத்தை அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வேலை கிடைத்துப் போய் ஏழு மாதம் ஆகிறது. “அச்சகத்தைப் பார்த்துக்கடின்னா தூர தேசம் போறாளாம். போகட்டும். இனி அவ பேச்சு இந்த வீட்ல வேணாம்” என்று அப்பா சொன்னதோடு சரி. அக்காவோ, “அப்பா ஒரு வார்த்தை பேசட்டும், அடுத்த ரயில்ல வந்து நிக்கறேன்” என்கிறாள். யார் முதலில் இறங்கி வருவது? இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு.

முன்பெல்லாம் இருவரும் காலையில் பூங்காவில் ஓடுவார்கள். அக்கா முன்னால் பறப்பாள், அப்பா அரைச் சுற்று பின்னால் வருவார். எனக்கு மூச்சிரைப்பு. அக்காவின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து படிப்பேன். இப்போது அப்பாவின் ஷூ அலமாரிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. நான் மட்டும் இன்னும் அதே பெஞ்சுக்குப் போகிறேன், பாட்டிலோடு. அம்மா கேட்டால் நல்ல காற்று என்கிறேன்.

இன்று அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. இத்தனை பேர் ஓடுகிறார்களே, அத்தனையையும் ஒரே கோடாக நீட்டினால் எங்கே போய் நிற்கும்?

அக்காவின் ஊர் 2,100 கிலோமீட்டர்.

செப்டம்பர் 5, புதன்

ஒரு சுற்று 800 மீட்டர் என்று வாசல் பலகையிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரம், என் பெஞ்சைத் தாண்டி ஓடிய ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டேன். தொண்ணூறு கோடு. மொட்டைத்தலை மாமா முதலிய நாலைந்து பேரைக் கவனித்ததில், ஆளுக்குச் சராசரியாக ஐந்து சுற்று. பெருக்கினால் ஒரு காலைக்கு 360 கிலோமீட்டர்!

அப்படியானால் ஆறே நாள். இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். ஆறே நாளில் இந்தப் பூங்கா அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிடும். அன்றைக்கு அப்பாவிடம் கேட்டுவிடுவேன். இது சத்தியம்.

செப்டம்பர் 7, வெள்ளி

நடப்பவர்களைச் சேர்ப்பதில்லை. அதனால் ஒரு வம்பு. பருமனான அத்தை ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“எல்லாருக்கும் கோடு போடற, எனக்கு ஏன் போடல?”

“நீங்க நடக்கறீங்களே அத்தை.”

“நடக்கறேனா? உயிரைக் குடுத்து ஓடிக்கிட்டிருக்கேன், பார்த்தா தெரியலையா?”

அரைக் கோடு போட்டேன்.

செப்டம்பர் 11, செவ்வாய்

கேட்டேன். சாப்பிடும்போது, முழுக் கணக்கையும் சொல்லி. “பூங்காவே நேத்து அக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுப்பா. நீங்க ஒரு போன் பண்ணக் கூடாதா?”

அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “யாரும் எங்கயும் போகல. எல்லாரும் வட்டத்துலதான் சுத்தறாங்க.”

அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். யாருக்கு வேணும் சோறு!

செப்டம்பர் 12, புதன்

அவர் சொன்னது உண்மைதான். அதுதான் ஆறவில்லை.

செப்டம்பர் 15, சனி

அவமானம். என் வகுப்புத் தோழி — வாயைத் திறந்தால் கொட்டுவதால் அவளுக்குக் கொடுக்கு என்று பெயர் — இன்று பெஞ்சுக்கு வந்தாள்.

“அந்த மொட்டைத்தலை மாமாவுக்கு ஏண்டி அஞ்சு கோடு?”

“அஞ்சு தடவை தாண்டிப் போனாரே.”

“அப்புறம் எதுக்கு மறுபடி அஞ்சால பெருக்கற? அந்த மனுஷன் இருபத்தஞ்சு சுத்து ஓடினா ஆஸ்பத்திரிக்குத்தான் போவாரு.”

ஒரு கோடு என்றாலே ஒரு சுற்று! அதை நான் எப்படிப் பார்க்காமல் போனேன்? பார்க்க விரும்பவில்லையோ? சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்கிற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஒரு காலைக்கு 72 கிலோமீட்டர்தான். பூங்கா இன்னும் பாதி வழிகூடப் போகவில்லை.

தப்புக் கணக்கை வைத்துக்கொண்டு ஒருவரைக் கெஞ்சியது சரியில்லை என்று பட்டது. அச்சகத்திலிருந்து அப்பா வந்ததும் சொன்னேன்: “நான் போட்ட கணக்கு தப்புப்பா. இன்னும் போய்ச் சேரல.”

திட்டுவார் என்று நினைத்தேன். கையில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நின்றார். மை போகிற மாதிரி தெரியவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்போ எவ்வளவுதான் ஆகியிருக்கு?”

“எண்ணூறு கிட்ட.”

“ம்.”

செப்டம்பர் 20, வியாழன்

மழை. ஓட வந்தவர்கள் மிகக் குறைவு. ஒருவரும் வராவிட்டால் பூங்கா நடுவழியில் எங்கே நிற்கும்? தெரியாத ஊரில், நனைந்துகொண்டு. அக்கா, உனக்குக் குடை இருக்கிறதா?

செப்டம்பர் 26, புதன்

கோடு போடக் குனிந்திருந்தேன். பழைய நீல ஷூ ஒன்று தாண்டிப் போனது. தூசி அப்படியே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவேதான்! தொப்பை குலுங்க, முகம் சிவக்க. என்னைப் பார்க்காத மாதிரி போனார். இன்னொரு முறையும் தாண்டினார். பிறகு ஆளையே காணோம். பார்த்தால் புல்வெளிக்குக் குறுக்கே தள்ளாடி வந்து பொத்தென்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கும் கோடு போட்டியா, கணக்குப்பிள்ளை?”

“ரெண்டு.”

“ரெண்டரைன்னு போடு. அந்தக் கோடி வரைக்கும் ஓடினேன். அதுக்கப்புறம்தான் முடியல.”

பாட்டிலை நீட்டினேன். மூடியில் அக்கா பல்லால் கடித்துக் கடித்து வைத்த தடம். அப்பா அதைக் கட்டைவிரலால் தடவினார். குடிக்க மறந்துவிட்டார்.

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

“சுமார் அறுநூறு கிலோமீட்டர்ப்பா.”

“அவ்வளவா?” என்றார்.

செப்டம்பர் 30, ஞாயிறு

அம்மா வழக்கம்போலப் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே அப்பா போனார். கையை நீட்டினார். அம்மா பயந்துபோய்க் கொடுத்தாள்.

தொண்டையைச் செருமினார். ஏழு மாதத்துக்குப் பிறகு அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: “அங்க ஓட இடம் இருக்கா?”

அந்தப் பக்கம் அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை. அடுத்த ரயிலில் வருகிறேன் என்றிருப்பாள் போல. அப்பா, “நீ வர வேணாம். நாங்க வர்றோம். வட்டத்துல சுத்தினது போதும்” என்றார்.

நான் போனைப் பிடுங்கிக்கொண்டு, அங்கே பெஞ்ச் இருக்கிறதா என்று கேட்டேன்.

இருக்கிறதாம்.

அக்டோபர் 4, வியாழன்

அப்பா ஷூவைத் துவைத்து ஜன்னலில் காயவைத்திருக்கிறார். இன்னும் ஈரம். ரயில் நாளைக்குத்தான்.