டீச்சர் ஆகட்டுமா என்று கேட்ட மகளுக்கு

சிதம்பரம்,
7.12.2025

அன்பு மகள் அறிவுமதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், மழை விட்டது, சமையலறையில் ஒழுகுவதும் நின்றுவிட்டது, புனே குளிரில் நீ இருமிக்கொண்டிருக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இந்த மாதம் சிப்காட்டில் காலை ஷிப்ட், விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடுகிறது, முழங்கால் வலியை என்னிடம் மறைக்கிறார், படி இறங்கும்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. போன ஞாயிறு போனில், வேலைய விட்டுட்டு பி.எட். படிக்கட்டுமா, ஒன்ன மாதிரி டீச்சர் ஆவணும்மா என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார், அவரை வைத்துக்கொண்டு என்ன பேசுவது, அதனால்தான் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குமராட்சிப் பக்கம் என் பள்ளிக்கு நீ சின்ன வயதில் மினிபஸ்ஸில் என்னோடு வந்திருக்கிறாய். வருஷாவருஷம் வாய்க்காலில் மழைத்தண்ணீர் கலங்கி வந்ததும் ஆறாம் வகுப்பைக் கூட்டிப்போய் ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்துவந்து ஜன்னலில் வைப்போம், மறுநாள் மண் அடியில் படிந்திருக்கும், மேல்தண்ணீரை இறுத்துக் காட்டுவேன், நீயும் ஒரு தடவை பாவாடை முழுக்கச் சேறாக்கிக்கொண்டாய். இப்போது மாதாமாதம் மேலிருந்து எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள் வருகிறது, நாலு விடையில் ஒன்றுக்கு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், மாதக் கூட்டத்தில் மதிப்பெண்ணைத் திரையில் போடுகிறார்கள், நன்றாகச் செய்த பள்ளிக்குப் பச்சை, மற்றதுக்குச் சிவப்பு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் என் வகுப்பு சிவப்பு, எழுந்து நின்று காரணம் சொல்லச் சொன்னார்கள். இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள், உன் வயது டீச்சர்கள் எல்லாம் உட்கார்ந்து பார்க்க நின்றேன், அவமானமாக இருந்தது. தேர்வே வேண்டாம் என்கிறவள் இல்லை நான். அந்த வட்டம்தான் பாடம் என்று ஆகிவிட்டதே, அதுதான் பொறுக்கவில்லை.

பொறுக்கவில்லை என்று எழுதுகிறேனே தவிர நானும் மாறித்தான் போனேன். கேள்வி, நாலு விடை, வட்டம், மறுபடி கேள்வி, தினமும் இதே வேலை, வாய்க்கால் பக்கம் போகவே இல்லை. அக்டோபரில் இலக்கியா என்ற ஆறாம் வகுப்புப் பெண் அவளாகவே கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து மேஜையில் வைத்தாள், என்னிடம் முன்பு படித்த அவள் அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள். இதெல்லாம் டெஸ்ட்டுல வராது, வெளிய ஊத்திட்டு வந்து ஒக்காருடி என்றேன். நான்தான் சொன்னேன், அறிவு. அவளும் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த மாதம் நாங்கள் பச்சை, கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பது பற்றிய கேள்விக்கு வகுப்பு முழுக்கச் சரியான வட்டம், கூட்டத்தில் கை தட்டினார்கள், டீ கூட எனக்குத்தான் முதலில் கொடுத்தார்கள்.

போன வாரம் மழையில் பள்ளிக் குழாயில் தண்ணீர் சேறாக வந்தது. சாப்பாட்டு நேரம், கை கழுவ வேண்டும், இப்ப என்ன செய்யலாம் சொல்லுங்க என்று பிள்ளைகளைக் கேட்டேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கடைசியில் இலக்கியா எழுந்து, ஆப்ஷன் சொல்லுங்க டீச்சர் என்றாள். கேலிக்குச் சொல்லவில்லை, நான் நாலு விடை சொல்வேன் என்று நிஜமாகவே காத்துக்கொண்டு நின்றாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சாயங்காலம் மினிபஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன், என்னா டீச்சர் ஒடம்பு முடியலையா என்று கண்டக்டர் கேட்கும்படி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எதற்காகக் கையை ஆட்டினார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவ பாத்தது அந்தக் காலத்து ஒன்ன, பள்ளிக்கூடம் விட்டு வந்தும் பசங்களப் பத்தியே வாய் ஓயாம பேசுவியே அந்த ஒன்ன, இப்ப இருக்குற ஒன்ன அவ எங்க பாத்தா என்றார். கோபம் வந்தது, ஆனாலும் அவர் சொன்னது சரிதான். அதனால் நீ அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதே. பொங்கலுக்கு வரும்போது பத்து நாள் கூடுதலாக லீவு போடு, தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன், என்னோடு பள்ளிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார். நீ வருகிறாய் என்பதற்காக நான் ஒன்றும் நடித்துக் காட்ட மாட்டேன். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, பொங்கல் கூட்டத்தில் பிறகு கிடைக்காது.

உடம்பும் மனசும் நிறைவாக நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பார்த்த பிறகும் டீச்சர் ஆகும் ஆசை இருந்தால் என்னிடம் சொல், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆசை போய்விட்டதென்றால் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போ, என்னிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தி. மங்கலம்