துக்கம் ஒட்டாத முகம்

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே வசனத்தை முணுமுணுத்தேன். "எழுந்து என்ன ஆகப்போகிறது? எழாவிட்டால்தான் என்ன ஆகிவிடும்?" இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் பதறிப்போய், "தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். பரவாயில்லையே, நடிப்பு எடுபடுகிறது!

இத்தனை வருஷமும் எங்கள் நாடகக் குழுவில் எனக்குக் காவல்காரன், தபால்காரன், இரண்டாவது போலீஸ்காரன். இப்போதுதான் முதல்முறையாகக் கதாநாயகன். ஒரு நாவலைத்தான் நாடகமாக்குகிறோம். அதில் முழுக்க ஒருவன் கட்டிலில் உட்கார்ந்து, வாழ்வதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிறான். அவ்வளவுதான் கதை. இதை எப்படி மேடையேற்றுவது என்று இயக்குநர் அம்மா மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்.

மார்ச் 5, வியாழன்

ஒத்திகையில் இயக்குநரிடம் செம திட்டு. "உங்க மூஞ்சியில துக்கமே ஒட்ட மாட்டேங்குதே! லாட்டரி அடிச்சவர் மாதிரி உக்காந்திருக்கீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் வினை.

மார்ச் 10, செவ்வாய்

இயக்குநர் தனியாகக் கூப்பிட்டார். வியாழக்கிழமைக்குள் சரிவராவிட்டால் வேஷம் ஒளியமைப்பாளருக்குப் போய்விடும். அந்த ஆளுக்குப் பிறவியிலேயே இழவு வீட்டு முகம்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. நான்தான் ஹீரோன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கேன்! முகத்தை எங்க போய் மாத்துறது? கண்ணாடி முன்னால் அழுது பார்த்தேன். தும்மல் வரப்போகிறவன் மாதிரி இருந்தது.

மார்ச் 12, வியாழன்

வீட்டுச் சாவியை நான் மறதியாகக் கொண்டுவந்துவிட்டேன். அதை வாங்க என் மனைவி ஒத்திகைக் கூடத்துக்கே வந்துவிட்டாள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைக் தேவைப்படாத குரல். நான் உச்சக்கட்டத்தில் இருந்தேன். "எதற்காக எழ வேண்டும்? யாராவது சொல்லுங்கள்!"

வாசலிலிருந்து பதில் வந்தது. "தினமும் காலைல இதையேதான் கேக்குறீங்க. முதல்ல எந்திரிச்சுப் பல்லை விளக்குங்க, அப்புறம் யோசிக்கலாம்!"

கூடமே குலுங்கியது. ஒளியமைப்பாளர்கூடச் சிரித்தார்! எனக்கு உயிரே போய்விட்டது. இயக்குநர் மட்டும் சிரிக்காமல் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நாமதான் தப்பா படிச்சிருக்கோம். இவன் அழுறவன் இல்ல. நிஜமாவே தெரிஞ்சுக்க ஆசைப்படுறவன். அதே சிரிச்ச முகத்தோட கேளுங்க."

கேட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வேஷம் எனக்குத்தான்! என் மனைவிக்கும் ஒன்று — கதவுக்குப் பின்னாலிருந்து கத்தும் பக்கத்துவீட்டுக்காரி.

மார்ச் 17, செவ்வாய்

ஒத்திகையில் மனைவி என் உச்சரிப்பைத் திருத்துகிறாள். கொழுப்புதான்.

மார்ச் 21, சனி

அரங்கேற்றம். முதல் பாதியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் ஒருவர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் மனைவியின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவந்தேன். கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம். பொறாமையா? இல்லை. கொஞ்சம்.

மார்ச் 29, ஞாயிறு

இயக்குநர் அடுத்த நாவலோடு வீட்டுக்கே வந்தார். ஒரு தீவில் தனியாக வாழும் பெண்ணின் கதை. நாயகி என் மனைவி. எனக்குப் படகுக்காரன் வேஷம்; இரண்டே வசனம்.

அடுக்களையில் முதல் பக்கத்தை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரி மறந்து நிற்கும்போதெல்லாம் புத்தகத்தைப் பார்த்து இங்கிருந்தே எடுத்துக்கொடுக்கிறேன்.