ஜன்னலுக்கு வெளியே மருதமுத்து மாமா

அக்டோபர் 21, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நனைந்த புடவையோடு ஆபீஸ். வாங்க வேண்டியவை: டைப்ரைட்டர் ரிப்பன், குடைக்குக் கம்பி. கனகுவுக்குக் கார்டு (மூன்று மாதமாகப் போடவில்லை).

பதினொரு மணிக்குக் குத்தகைப் பதிவு விசாரணை. முதல் மனு மருதமுத்து மாமாவுடையது. கனகுவின் அப்பா. இருபது வருடமாக உழுகிற ஆறு மா நிலத்தில், புதுச் சட்டப்படி குத்தகைதாரர் என்று தன் பெயரைப் பதியச் சொல்லி.

ஆபீஸ் நடப்பது ஒரு மிராசுதாரின் பழைய வீட்டில். ஆட்களைக் கூப்பிடுவது முன் வராந்தாவில். மாமா வந்து நின்றது கொல்லைக் கிணற்றடியில், என் ஜன்னலுக்கு நேரே. இந்த மாதிரி வீட்டில் முன்வாசல் ஏறிப் பழக்கமில்லை அவருக்கு. என் அப்பாவுக்கும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையாட்டினேன்.

வராந்தாவில் நின்று டவாலிச் சேவகர் கூப்பிட்டார். "மருதமுத்தூ... மருதமுத்தூ... மருதமுத்தூ..."

மூன்று தடவை. மழையில் கொல்லைக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. "பின்னாடி நிக்கிறாருங்க." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தொண்டை வரை வந்தது. எதிரே தாசில்தார், ஹெட்கிளார்க், நிலக்காரரின் ஏஜெண்டு, சுவரோரம் பத்துப் பதினைந்து ஆண்கள். நானோ தற்காலிக டைப்பிஸ்ட். குனிந்து டைப் அடித்தேன். என்ன அடித்தேன், தெரியாது.

மனுதாரர் ஆஜரில்லை. மனு தள்ளுபடி.

பன்னிரண்டு மணிக்கு டவாலி தண்ணீர் குடிக்கப் போனவர் அவரிடம் ஏதோ சொன்னார். மாமா முன்பக்கம் ஓடினார்; அதற்குள் விசாரணை முடிந்து எல்லோரும் எழுந்து போயிருந்தார்கள். துண்டு கிணற்றுச் சுவரிலேயே.

அக். 22, செவ்வாய்

உத்தரவை நான்தான் அடிக்க வேண்டியிருந்தது. மூன்று நகல். கடைசி கார்பனில் பெயர் மங்கல், ஆனால் படிக்க முடிகிறது.

ஆறாம் வகுப்பு. டீச்சர் பெயர் வாசிப்பார். எனக்கு "உள்ளேன்" வாயில் வராது. பக்கத்திலிருந்து கனகு: "சரோஜாவும் உள்ளா டீச்சர்." ஏழு வருடம், தினமும், தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "உனக்கு வாயே கிடையாதாடி?" என்று டீச்சர் கேட்டால், "எனக்கு ரெண்டு இருக்கு டீச்சர்" என்பாள்.

அக். 23, புதன்

காலையில் அம்மா அரிசி களைகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளே டவாலியின் குரல்: மருதமுத்தூ. திரும்பிப் பார்த்தேன்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

ஆபீசில் ஜன்னலைச் சாத்தினேன். ஹெட்கிளார்க்: "ஏம்மா, இருட்டுல அடிச்சுப் பழகுறியா?" சாரல் என்றேன். சாரல் இல்லை. ஜன்னல் கதவு இடுக்கில் யாரோ நிற்பதுபோல் வெள்ளையாய். திறந்தால் துண்டு.

மத்தியானம் போய் எடுத்து வந்தேன். பிழிந்து காயவைத்து மேஜை டிராயரில். சேறு வாசனை போகவில்லை. டிராயரைத் திறக்கவே பயமாக இருக்கிறது. ரிப்பன் அதற்குள்தான்.

அக். 27, ஞாயிறு

கனகு வந்தாள். கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலை. அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு.

"தீபாவளி முடியிற வரைக்கும் லீவே கிடையாதுங்கிறான். காலைப் பாரு, நின்னு நின்னு வீங்கிக் கிடக்கு. நீ உக்காந்து பாக்குற உத்தியோகம்டி, குடுத்து வச்சவ."

சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. தள்ளுபடி ஆனதும் நிலக்காரர் சொல்லி அனுப்பிவிட்டாராம்: சம்பா அறுப்போடு வயலை விட்டு இறங்க வேண்டும்.

"நான் வர முடியாதுன்னுதான் அப்பாகிட்ட சொல்லி அனுப்புனேன். பயப்படாத, சரோ அங்க இருக்கா, அவ கண்ணுல படுற மாதிரி நில்லு, அவ பாத்துக்குவான்னு."

கையில் காபி டம்ளர். கீழே வைக்கத் தெரியவில்லை.

"கூப்பிடவே இல்லைங்கிறாரு. உன்னப் பாத்துச் சிரிச்சாராம், மழையில நீ கவனிச்சியோ என்னவோங்கிறாரு. நீ அவரப் பாத்தியா?"

"பாக்கல. வேலையா இருந்தேன்."

"அதானே. பாத்திருந்தா விட்டிருப்பியா நீ."

உடனே நம்பிவிட்டாள். சந்தேகமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மறுவிசாரணை கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். "கையெழுத்து இன்னும் முத்து முத்தா இருக்குடி" என்றாள்.

நவம்பர் 1, வெள்ளி

குடைக்குக் கம்பி போட்டாயிற்று. நேற்றிலிருந்து டவாலி யாரைக் கூப்பிட்டாலும் கொல்லையைப் பார்க்கிறேன். யாரும் இல்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்தேன். அம்மா சுக்குக் கஷாயம் கொடுத்தாள்.

நவ. 4, திங்கள்

வெயில். மனு எண் கூப்பிட்டதும் இருவரும் முன்வாசல் வழியாக. கனகு ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஏஜெண்டு: "டவாலி கூப்பிட்டது கடைத்தெரு வரைக்கும் கேட்டுச்சு சார். இவரு வராமலே இருந்துட்டு இப்ப கதை விடுறாரு."

"வந்தேங்க. பின்னாடி நின்னேங்க."

"பின்னாடி என்னய்யா வேலை? இது என்ன உங்க பண்ணை வீடா?"

எல்லோரும் சிரித்தார்கள். டவாலியும்.

தாசில்தார்: "வந்ததை யாராவது பாத்தாங்களா?"

கனகு என் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்கவில்லை என்றவளை எதற்குப் பார்க்க வேண்டும்?

எழுந்தேன். நாற்காலி கிறீச்சென்றது.

"வந்திருந்தாரு சார். நான் பாத்தேன்."

"எப்ப?"

"டவாலி கூப்பிடுறப்ப. கிணத்தடியில."

"அப்ப ஏம்மா சொல்லல?"

இப்போது கனகு திரும்பினாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

தள்ளுபடி ரத்து. மறுவிசாரணை 18ஆம் தேதி. ஹெட்கிளார்க் என் காதருகே: "உனக்கு ஏம்மா இந்த வேலை?"

கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் நிழல். மாமா. துண்டைத் தேடி வந்திருக்கிறார், மறுபடியும் கொல்லைப்பக்கமாக. டிராயரிலிருந்து எடுத்துக் கம்பி வழியாகக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார்.

"தொவைச்சு வச்சிருக்கியே தாயி."

முன்பக்கத்திலிருந்து கனகுவின் குரல். வகுப்பு முழுக்கக் கேட்குமே, அதே குரல்.

"அப்பா, அங்க யாரு இருக்கான்னு போய் நிக்கிற? இந்தப் பக்கம் வா."