உள்ளங்கையில் ஒரு சூயிங்கம்

ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மாவும் உன் மாமாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஐந்து முறை போன் செய்தேன். ஐந்து முறையும் உன் மேனேஜர் எடுத்து, "சார் கொஞ்சம் டென்ஷன்ல இருக்காரு மேடம், என்ன விஷயம்னு சொல்லுங்க" என்றார். சொந்தத் தம்பியிடம் பேச விஷயம் வேண்டும் என்று எனக்கு இதுவரை தெரியாது. அதனால்தான் கடிதம். இதையும் அவரே பிரித்தால் பிரிக்கட்டும். அவரும் படிக்க வேண்டியதுதான்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டேன். மொத்தம் பதினோரு விநாடி. உன் வினாடி வினா நிகழ்ச்சி நடக்கும் மேடைக்குப் பின்னால் யாரோ எடுத்தது. நீ போனில் பேசிக்கொண்டே மேடைக்குக் கிளம்புகிறாய். உனக்கு உடை தைத்து மாட்டிவிடும் காஸ்ட்யூமர் அண்ணன் குனிந்து உன் கோட்டின் கீழ்ப் பொத்தானைப் போட்டுவிடுகிறார். நீ அவர் பக்கம் திரும்பாமலே வாயைத் திறக்கிறாய். அவர் உள்ளங்கையை நீட்டுகிறார். சூயிங்கத்தை அதில் துப்பிவிட்டு, பேச்சை நிறுத்தாமல் நடந்து போகிறாய்.

நீ துப்பியதைவிட, அவர் கை நீண்ட வேகம்தான் எனக்குத் தாங்கவில்லை. யாரும் கேட்காமலே நீண்டது. இது முதல் தடவை இல்லை என்று அதிலேயே புரிந்துவிட்டது. அந்த மனிதருக்கு ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். காதோரமெல்லாம் நரை.

முதலில் உனக்காகப் பொய் சொன்னேன். கண் ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒளிந்துகொள்ள இடம் ஏது? நர்ஸ்கள் கேட்டபோது, அது ஏதோ ஒத்திகைக் காட்சி என்று அடித்துவிட்டேன். மறுநாளே நீ மன்னிப்பு வீடியோ போட்டு என் மூக்கை உடைத்தாய். அதிலும் "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்கிறாய். அது என்னடா "இருந்தால்"? யார் மனம் என்று உனக்குத் தெரியாதா? முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய விருதுகள் வேறு. எழுதிக் கொடுத்தவர் நன்றாக எழுதியிருக்கிறார். நீயும் நன்றாக வாசித்தாய்.

எல்லோரும் திட்டுகிறார்களே என்று இடிந்து போகாதே. திட்டுகிறவர்களையும் நான் தினமும் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒருவர் என் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்து உன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார். "காசு வந்துட்டா மனுசன் கண்ணுக்குத் தெரிய மாட்டான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள், கையிலிருந்த காபி சிந்திவிட்டது. தரை துடைக்கும் அம்மாவை விரலால் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? போன மாதம் அம்மாவை முழங்கால் ஸ்கேன் எடுக்க வெளியே ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனேன். உன் அம்மா என்று தெரிந்ததும் மேலாளரே எழுந்து வந்தார். எங்களுக்கு முன்னால் பதினாலு பேர். காலையிலிருந்து சாப்பிடாமல் ஒரு பெரியவர், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மனைவி. நாங்கள் நேராக உள்ளே போனோம். வரும்போது அந்த மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். மற்ற நாட்களில் வரிசை தாண்டி வருபவரை முறைத்துத் திருப்பி அனுப்புகிறவள் நான். முதலில் யாரோ நாற்காலியை நகர்த்திப் போடுகிறார்கள், நாமும் உட்கார்ந்துவிடுகிறோம். அப்புறம் நாற்காலி வராவிட்டால் கோபம் வருகிறது. ஆகவே மேலே நின்றுகொண்டு உனக்குப் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் நின்றுதான் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை காஸ்ட்யூமர் அண்ணன் எனக்குப் போன் செய்தார். போன வருடம் அம்மா உன் நிகழ்ச்சிக்கு வந்தபோது, ஜாக்கெட்டை அரை மணி நேரத்தில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார் அல்லவா, அன்று வாங்கிய நம்பர். எந்த டிவிக்கும் தான் பேட்டி கொடுக்கவில்லை என்று உன்னிடம் சொல்லச் சொன்னார். "பரபரப்பு அடங்குற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா. அது தம்பிக்குத் தெரிஞ்சுதான் சொன்னாங்களா, அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

நேற்று மாமாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். மாடியில் இரண்டு அறை. ஓர் அறை முழுக்கத் தையல் மெஷினும் துணியும். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி மட்டும் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றார். "வீடியோல உங்க தம்பி மூஞ்சிதான் தெரியுது, இவரு மூஞ்சி சரியா தெரியல. ஆனா எங்க தெருவுல எல்லாருக்கும் அந்தச் சட்டையைத் தெரியும்" என்றார். அந்தச் சட்டையை இனி போட மாட்டேன் என்று அண்ணன் பழந்துணி மூட்டையில் போட்டுவிட்டாராம். அவர் குறுக்கிட்டு, "விடு, வந்தவங்ககிட்ட என்ன பேச்சு" என்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

கிளம்பும்போது, என் தம்பி வருவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

போ. மேனேஜர் வேண்டாம், கேமரா வேண்டாம், பூங்கொத்து, பழக்கூடை எதுவும் வேண்டாம். கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை நில். "இருந்தால்" என்ற சொல் வாயில் வரக் கூடாது. அண்ணனின் மனைவி திட்டினால் கேட்டுக்கொள். நம் அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடியோவைப் பக்கத்து வீட்டில் யாரோ காட்டிவிட்டார்கள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "அது நம்ம ஜாக்கெட் தைச்சுக் குடுத்தவருதானே?" என்று. ஆமாம் என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ போவாய் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்னைவிட ஆறு வயது மூத்தவள்


மூன்று வாரம் கழித்து, வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அங்கே போன விவரத்தை உன் வாயால் நீ சொல்லவில்லை. அண்ணனின் மனைவிதான் போன் செய்து சொன்னார். நீ தனியாக வந்தாயாம். தட்டிவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நின்றாயாம். உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் கதவைத் திறக்காமல் இருந்ததாக ஒளிக்காமல் சொன்னார். மாடிப்படியில் ஏறி இறங்கியவர்கள் எல்லாம் உன்னைப் பார்த்துப் போனை நீட்டினார்களாம். "இது என் வீட்டு விஷயம், தயவுசெஞ்சு எடுக்காதீங்க" என்று கும்பிட்டாயாம். அவர்களும் இறக்கிவிட்டார்களாம்.

உள்ளே நீ என்ன பேசினாய் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தியது உனக்குத் தெரியும் என்று நீயே ஒப்புக்கொண்டதை மட்டும் சொன்னார். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள். அது உனக்கும் தெரிந்திருக்கும். இதைக் கேட்டபோது, போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். மாமா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நீ கூப்பிட்டும் அண்ணன் வேலைக்குத் திரும்பி வர மாட்டேன் என்றுவிட்டாராமே. பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் சேர்ந்துவிட்டார். உனக்கு அது உறுத்தும். உறுத்தட்டும். மன்னிப்புக் கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று கட்டாயமா? அந்த அம்மா கடைசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் இன்னும் மன்னிக்கல. ஆனா வந்தாரு." இதைவிட நேர்மையாக உன்னைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வெளியே யாருக்கும் இது தெரியாது. வீடியோ வந்தபோது வைத்த 'சூயிங்கம் அண்ணன்' என்ற பட்டப்பெயரில்தான் இன்னும் உன்னைச் சொல்கிறார்கள். நேற்றுகூட ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒருத்தி உன்னைப்போல் வாயைத் திறந்து காட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தான் என்று சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். நீயே சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

இன்று காலை கவுண்டரில் ஒரு பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டிவில வர்றவரு உங்க தம்பியாமே?" என்றார். தலையை நிமிர்த்தி, ஆமாம் என்றேன். "நானும் அவருக்குப் பழக்கம்தாம்மா, என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்ப முடியுமா?" என்றார். உங்கள் டோக்கன் நாற்பத்தொன்று, உட்காருங்கள் அம்மா, கூப்பிடுகிறேன் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்ல பெயர் போனதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருப்பாய். அடுத்த மாதம் இரண்டு நாள் இங்கே வந்து இரு, பெரிய அறையைப் பெருக்கி வைக்கிறேன். அம்மா வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டாள். கேட்டால், காற்று வருகிறது என்கிறாள்.

ஆசிகளுடன்,
அக்கா