உனக்கு வயிற்றுவலி இல்லை, அக்கா

என் தங்கமே, என் கோகிலாக்கா,

நல்லா இருக்கியா என்று உன்னிடம் கேட்க முடியாது. நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லலாம் அல்லவா? எனக்கு எட்டாம் மாசம். கால் வீங்கியிருக்கிறது, புளிச்சாதம் தவிர எதுவும் இறங்கவில்லை, அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

போன வாரம் பரமத்தி வேலூரில் பஸ் ஏறி, அம்மாவும் நானும் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு, "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் பிரசவத்துக்கு அப்பறம் மனசு சரியில்லாமப் போயிருக்குதாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அப்பிடி யாருமில்லீங்க" என்றாள். "கூடப் பொறந்தவங்க?" என்றதற்கு, "ஒரு அக்கா இருந்தாளுங்க. வயித்துவலியில தவறிட்டாளுங்க" என்றாள்.

எந்த வயிற்றுவலி அக்கா? நிலாவைப் பெற்று நம் வீட்டில் படுத்திருந்தாயே, பிள்ளை தூங்கினாலும் நீ தூங்காமல் கிடந்தாயே, அது வயிற்றுவலியா? பார்க்க வந்தவர்கள் எல்லாம் பால் ஊறுதா, தையல் காஞ்சுதா என்று விசாரித்தார்கள். தூக்கம் வருதா என்று ஒரு வாயாவது கேட்டதா? போர்வெல் போடும் வண்டியோடு ஆந்திராவில் இருந்த, உன்னைக் கட்டிய மாமா, வீடியோ காலில் "புள்ளையக் காட்டு, புள்ளையக் காட்டு" என்பாரே தவிர உன் முகத்தைப் பார்த்தாரா?

நீயாகத்தான் வாய்விட்டுச் சொன்னாய். "எனக்கு இவளத் தொடவே பயமா இருக்குதும்மா. என்னமோ ஆயிருச்சு. என்னைய எங்கியாச்சும் கூட்டிட்டுப் போங்க." அதற்கு அம்மா, "பெத்தவ பேசற பேச்சா சாமி இது? வெளிய கேட்டாச் சிரிப்பாங்க" என்றாள். பச்சை உடம்பில் காத்து பட்டுவிட்டது என்று ஜேடர்பாளையம் பக்கம் காரில் கூட்டிப்போய், மந்திரித்த தாயத்தை உன் கையில் கட்டி அழைத்து வந்தார்கள்.

நீயே உன்னை முடித்துக்கொண்ட அன்று, போலீஸ்காரர் வருவதற்கு முன்பே வாசலில் வயிற்றுவலி தயாராக இருந்தது. "தீராத வயித்துவலிங்க, தாங்க முடியாமப் பண்ணிக்கிட்டா" என்று பெரியப்பா சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். நம் பக்கம் இப்படிப் போகிற பெண்களுக்கெல்லாம் இந்த ஒரே வலிதான் வருகிறது. பைத்தியக்காரக் குடும்பம் என்று பெயர் வந்தால், வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் இன்னொருத்தியை யார் கட்டுவார்கள்? அந்த இன்னொருத்தி நான். உன்னைப் பற்றிய பொய்யைப் பந்தக்காலாக நட்டுத்தான் எனக்குப் பந்தல் போட்டார்கள். யார் கேட்டது அந்தப் பந்தலை?

இதையும் கேள். பொங்கலுக்கு நிலா வந்திருந்தாள், அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. வெல்லத்தை அள்ளித் தின்று வயிறு வலித்திருக்கிறது. சொல்லாமல் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். நான் குனிந்து பார்த்ததும், "யாருகிட்டயும் சொல்லாத சித்தி, வயிறு வலிக்குது, நானும் அம்மா மாதிரி செத்துருவனா?" என்றாள். உன் மகளுக்கு நாம் கொடுத்த சீதனம் இதுதான்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் அம்மா என் கையை அழுத்தியதும் உதறிவிட்டேன். "பொய்யிங்க டாக்டர். எங்கக்காவுக்கு வயித்துவலி இல்லீங்க. பெத்ததுக்கு அப்பறம் தூக்கமில்லாம, பயந்து பயந்து, தானே உசுர உட்டுட்டாளுங்க" என்றேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டு உட்கார்ந்தார். "இது ஒரு நோய்ம்மா. உங்கக்கா மேல தப்பில்ல. மருந்து இருக்குது, பேசறதுக்கு ஆள் இருக்காங்க. நேரத்துல வந்தா சரி பண்ணிரலாம்." குழந்தை பிறந்த பிறகு என்னையும் அடிக்கடி பார்க்க வேண்டும், அடுத்த முறை என் வீட்டுக்காரரையும் கூட்டி வர வேண்டும் என்றார்.

சரி பண்ணிரலாமாம் அக்கா! தாயத்துக் கட்டக் கார் பிடித்தவர்களுக்கு நாமக்கல்லுக்கு வழி தெரியாமலா போனது? திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "உன்ற மாமியா ஊட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இப்போது உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உனக்கு வந்த பயம் எனக்கும் வந்தால் நான் சும்மா படுத்திருக்க மாட்டேன். யாராவது என் வாயைப் பொத்தினால், அந்தக் கையைக் கடித்துவிட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போவேன். நிலாவை மடியில் உட்கார வைத்து உண்மையைச் சொல்வேன். "உங்கம்மாவுக்கு உன்னையப் புடிக்காமப் போகல சாமி. அவளுக்கு மனசுக்குச் சொகமில்லாமப் போச்சு. டாக்டர்கிட்டக் காட்டியிருந்தா சரியாயிருக்கும். எங்கியாச்சும் கூட்டிட்டுப் போங்கன்னு அவ கேட்டா. நாங்க கூட்டிட்டுப் போகல."

நீ இடுப்பில் தூக்கிச் சுமந்த தங்கச்சி,
பூரணி