அரைத்தூக்கத்தில் கிடந்த விண்டோஸ்

ஹைஃபா,

உன் ஆய்வேடு பத்திரமா இருக்கு, நிம்மதியா மூச்சு விடு. தப்பு என் லினக்ஸ் மேல இல்ல. நம்ம லேப்டாப்புல நீ அணைச்சுட்டதா நினைச்ச விண்டோஸ் அரைத்தூக்கத்துல கிடந்து, ரெண்டு சிஸ்டத்துக்கும் பொதுவான டிரைவை விடாம பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதான் லினக்ஸ்ல உன் ஃபைலைப் படிக்க முடிஞ்சுது, திருத்திச் சேமிக்க முடியல. "திருத்த மனசில்லன்னு சொல்லிட்டுப் போயேன்"னு நேத்து கத்தினியே, விஷயம் இவ்வளவுதான். காலையில விண்டோஸை முழுசா அணைச்சுட்டு, பிரெஞ்சுப் பிழையெல்லாம் திருத்திச் சேமிச்சுட்டேன்.

அடுப்புல ஒஜ்ஜாவுக்குத் தக்காளிக் குழம்பு இருக்கு, சூடு பண்ணி முட்டையை உடைச்சு ஊத்திக்கோ. ஹரிஸ்ஸா மிளகாய் விழுது கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

நிசார்

சொல்ல மறந்துட்டேன்: நன்றியுரையில என் பேரை நேத்து எடுத்துட்ட போல. பார்த்தேன். இப்ப எந்த வரியை வேணும்னாலும் என்னால மாத்த முடியும். அந்த ஒரு வரியை மட்டும் உனக்கு விட்டுவச்சிருக்கேன்.