ஜன்னலுக்குக் கீழே ஓடும் கல் பட்டை

மார்ச் 4, 1912, திங்கள்

இன்றைக்கும் கூரைதான். நடுவில் காற்றுக்கு ஒரு துவாரம், அதைச் சுற்றி இலை இலையாகப் பூவேலை. என் வீட்டுக்காரர் போட்டது. சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, "நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்று நானும் தலையாட்டினேன். அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நானே கிடப்பேன் என்று யார் கண்டது?

உட்காரக்கூடாது, ஒரு தலையணைக்கு மேல் கூடாது என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. அசைந்தால் நெஞ்சில் இருக்கும் புண் ஆறாதாம். கண்கொத்திப் பாம்பாக இருக்கும் நர்சம்மா, நான் படுத்தபடி பென்சிலால் எழுதுவதை மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்.

மார்ச் 7

அண்ணனும் இவரும் சேர்ந்து கட்டிய காசநோய் சானடோரியத்தில் நான் நோயாளி. சிரிக்கலாம், சிரித்தால் இருமல் வரும்.

கடிகாரக் கடை மாடியில், ஒரே ஒரு சாய்வு மேஜையோடு ஆரம்பித்த கம்பெனி. கட்டிடத்தின் வெளிமுகம் அண்ணனுக்கு, உள் அறைகள் இவருக்கு. நடுவில் என்னைக் கட்டிக்கொண்டதில் பார்ட்னர் மாப்பிள்ளையும் ஆனார். முதலில் கட்டியது வங்கி. ஜன்னல்களுக்குக் கீழே, நெஞ்சு உயரத்தில், கட்டிடத்தைச் சுற்றி ஒரு கல் பட்டையை ஓடவிட்டார் அண்ணன். ஊரே நின்று பார்த்தது. அப்புறம் நூலகம், துறைமுக ஆபீஸ், பெண்கள் பள்ளி, எல்லாவற்றிலும் அதே உயரத்தில் அதே பட்டை. பட்டையைப் பார்த்தாலே எங்கள் கம்பெனி என்று சொல்லிவிடுவார்கள்.

வங்கியில் குமாஸ்தாக்கள் நின்றுகொண்டு வேலை பார்த்தார்கள், சரி. பள்ளியில் பிள்ளைகளுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. தலைமை ஆசிரியைக்கு அதுதான் ரொம்பப் பிடித்துப்போனது. இங்கே? படுத்துக் கிடப்பவர்களை யாரும் நினைக்கவே இல்லை. அண்ணன் போடும் எல்லாப் படத்திலும் உயரம் காட்டுவதற்கு ஓர் ஆளை வரைவார், தொப்பியும் கைத்தடியுமாக. அந்த ஆள் ஒருநாளும் படுத்ததில்லை.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணி என் மகள் சுண்டெலியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் இங்கே வந்ததிலிருந்து பிள்ளை அவர் வீட்டில்தான் வளர்கிறாள். நாலு வயதுப் பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். அதனால் தோட்டத்தில், என் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினார். குரல் மட்டும் கேட்டது.

"அம்மா எங்கே அத்தை?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்காங்கடா."

சின்னக் காலடிச் சத்தம் சுவரை நெருங்கி வந்தது. பிறகு, "சுவரே, நான் பால் குடிச்சிட்டேன்" என்றாள். போகும்போது, "சுவரே, போயிட்டு வரேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

என் பிள்ளை சுவரோடு பேசிவிட்டுப் போகிறாள். இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

மார்ச் 13

இவர் வந்தார். ஜன்னலை என் மெத்தை மட்டத்துக்கு வெட்டி இறக்கச் சொன்னேன்.

"பட்டை போயிடுமே... மச்சான்கிட்ட கேக்கணும்."

"கேளுங்க. அவர் என்ன புலியா?"

மென்று முழுங்கினார். நல்ல மனுஷன். எனக்கு ஜுரம் என்றால் தானும் சாப்பிடமாட்டார். அண்ணன் முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆண்கள் பகுதிக்காவது வராந்தா இருக்கிறது, கட்டிலோடு வெளியே தள்ளிவிடுவார்கள். பெண்கள் படுத்திருப்பது தெருவுக்குத் தெரியக்கூடாது என்று எங்கள் பகுதிக்கு வராந்தாவே வைக்கவில்லை. அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மார்ச் 17

அண்ணன் வந்தார். அவர் எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

"முடியாதும்மா. ஒரு இடத்துல வெட்டினா முன்பல்லு விழுந்த முகம் மாதிரி ஆயிடும். மருத்துவக் கல்லூரி கட்டுற வேலையை யாருக்குக் குடுக்கலாம்னு கமிட்டி யோசிச்சிட்டிருக்கு. அடுத்த மாசம் இதைப் பார்க்கத்தான் வராங்க. வேணும்னா பாப்பாவை ஒரு போட்டோ எடுத்துத் தரேன்."

"போட்டோ வந்து என்கிட்ட பேசுமாண்ணா? அவளுக்கு என் முகம் மறந்துடும். மறந்துட்டா அப்புறம் நான் எதுக்குப் பொழைக்கணும்?"

பக்கத்துக் கட்டில் நேற்றுத்தான் காலியானது. எப்படிக் காலியானது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. அதைக் காட்டி, "ஒரு நிமிஷம் படுங்க" என்றேன்.

கோட்டோடு, செருப்போடு படுத்தார். சாதாரணமாக நர்சம்மா விட்டிருக்கமாட்டார்.

"என்ன தெரியுது?"

"கூரை."

"அப்புறம்?"

அண்ணன் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார். ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார். எழுந்ததும் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, மெத்தையிலிருந்து பட்டை வரைக்கும் அளந்தார். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

மார்ச் 18

அதிகமாகப் பேசிவிட்டேனோ? இல்லை. இன்னும் முன்னாலேயே பேசியிருக்க வேண்டும்.

மார்ச் 26

வெட்டுகிறார்கள்! பெரிய டாக்டர் சம்மதித்துவிட்டார். தூசி ஆகாது என்று எங்களைக் கூடத்தின் கோடிக்குத் தள்ளி, நடுவில் ஈரத் துணி கட்டியிருக்கிறார்கள். உளிச் சத்தத்தில் மற்றவர்களுக்குத் தலைவலி. எனக்குக் காது குளிர்கிறது.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு தையல்காரம்மா வந்திருக்கிறார். இப்போதுதான் நோய் கண்டுபிடித்தார்களாம். வீட்டில் யாரும் இல்லை. என் சால்வையின் தையலைப் பார்த்துவிட்டு, "இதைத் தைச்சவங்க கையில அவசரம்" என்றார். தைத்தது நான்தான். சொல்லவில்லை.

ஏப்ரல் 9

கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எனக்கும் தையல்காரம்மாவுக்கும் சேர்த்து ஒரே அகல ஜன்னல். சரளைக்கல் பாதை, ஒரு பெஞ்சு, தோட்டக்காரரின் தள்ளுவண்டி. வண்டியில் ஒரு சக்கரம் கோணல். காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அலுக்கவில்லை.

கமிட்டி நேற்று வந்ததாம். பட்டை ஏன் நடுவில் அறுந்திருக்கிறது என்று ஒருவர் முகத்தைச் சுளித்தாராம். "உள்ளே என் தங்கச்சி படுத்திருக்கா" என்றாராம் அண்ணன். இவர் சொன்னார். கல்லூரி வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும் போலிருக்கிறது. இவர் முகத்தில் அந்தக் கவலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறோம் என்றார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

நர்சம்மா முகம் துடைத்து, நீலச் சால்வையைப் போர்த்திவிட்டார். ஜுரத்தில் வெட்டிய முடி இன்னும் வளரவில்லை. சீப்புக்கு வேலையில்லை.

நாலு பேரும் வந்தார்கள். சுண்டெலி வளர்ந்துவிட்டாள். கவுன் முழங்காலுக்கு மேலே நிற்கிறது. அண்ணன் அவளைத் தூக்கிப் பெஞ்சில் நிறுத்தி, "அம்மா எங்கேன்னு பாரு" என்றார்.

என்னைப் பார்த்தாள். கண்ணுக்குக் கண். நான் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாதோ என்னவோ, கன்னம் ஒட்டிப்போன முகத்தில் பல்தான் முதலில் தெரியும். அவள் பார்வை என்னைத் தாண்டிப் போனது. தையல்காரம்மாவிடம் நின்றது. அந்தக் கொண்டை, அந்தச் சதைப்பிடித்த கன்னம். போன வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன்.

"அம்மா!" என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். இவர் அவளைத் திருப்ப ஓர் அடி முன்னால் வந்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். தையல்காரம்மா அரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

"ஆட்டுங்க" என்றேன். "கையை ஆட்டுங்கம்மா. புள்ள பாத்துக்கிட்டே நிக்குது."

அவர் கையைத் தூக்கினார். சுண்டெலி பெஞ்சிலேயே குதித்தாள். பால் குடித்ததை, புதுச் செருப்பை, எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரம்மா அழுதுகொண்டே, "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டார்.

வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிக் கை ஆட்டிக்கொண்டே போனாள். தையல்காரம்மாவும் கையை இறக்கவில்லை. நானும் இறக்கச் சொல்லவில்லை.